எல்லாம் என்னாலதான்

"சத்தியமா சொல்றேன், ஒரே ஒரு தடவைதான். அதுவும் உன்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி. கல்யாணமாகி இந்த அஞ்சு வருஷத்துல வேற ஒருத்தியை நிமிர்ந்துகூட பார்த்ததில்ல."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏசி மெக்கானிக் இதைச் சொல்வது ஏழாவது தடவை. ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் மெஷின் சத்தத்தில் கத்தியே பழகிய தொண்டை; அவருடைய ரகசியம் நாலு நாற்காலி தள்ளியும் கேட்கும்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் மனைவி. ஆரம்பப் பள்ளி டீச்சர். டோக்கனை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவருக்கு ஹெர்பிஸ் என்று ரிப்போர்ட் வந்தது. "புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஒட்டுற சமாசாரம். உங்க வீட்டம்மாவுக்கும் பார்த்துடுங்க," என்று தோல் டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் கேட்காத பழைய கதையை வேறு மனைவியிடம் கக்கியாயிற்று. தன் வாயால் கெடுவதில் தவளைக்கே பாடம் எடுக்கலாம்.

"இந்த லேப் வேண்டாம்னு அப்பவே சொன்னேன். யாராவது பார்த்தா?" என்று முனகினாள் டீச்சர்.

பார்த்தாயிற்று. சர்க்கரை டெஸ்டுக்கு வந்த மாடி வீட்டு அக்கா, கைப்பையோடு பக்கத்து நாற்காலிக்கே குடிபெயர்ந்தாள்.

"என்ன டீச்சர், ஏதாவது விசேஷமா?"

"அதெல்லாம் இல்லக்கா. இவளுக்கு ரத்தம் கம்மியா இருக்காம்," என்று முந்திக்கொண்டார் மெக்கானிக்.

"இவளுக்கா? கன்னம் ரெண்டும் தக்காளியாட்டம் இருக்கு! உங்க மூஞ்சியிலதான் ஒரு சொட்டு ரத்தத்தைக் காணோம்."

"டோக்கன் பதினேழு!"

டீச்சர் எழுந்தாள்.

"நானும் உள்ள வரேன்," என்று கூடவே எழுந்தார் மெக்கானிக்.

"வேண்டாம்!"

அந்த வேகத்தில் அக்காவே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. "கோபம் இருக்கத்தானே செய்யும். எல்லாம் என்னாலதான்."

உள்ளே கதவு சாத்தப்பட்டது. ரத்தம் எடுக்கும் பெண், போன் நம்பர் கேட்டுக் கணினியில் தட்டினாள். கை நின்றது.

"மேடம், இதே டெஸ்ட் எட்டு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கீங்களே. அப்பவே பாசிட்டிவ். மறுபடி எதுக்கு?"

டீச்சர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

"அது எனக்குத் தெரியும்மா," என்று கையை நீட்டினாள். "வெளியில இருக்கிறவருக்குத் தெரியாது. பேசாம ஊசியைக் குத்து."

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தவளை மெக்கானிக் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

"ரிப்போர்ட் எப்படி வந்தாலும் என்னை மன்னிச்சிடுவியாம்மா?"

டீச்சர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"போனாப் போகுது, மன்னிச்சுட்டேங்க."