எண்ணாத ஊர்

"பேரெல்லாம் எழுதிக்கங்க சார். எத்தனை பேருன்னு மட்டும் எண்ணிடாதீங்க."

கதவைத் திறந்ததும் தையல்காரரின் மனைவி சொன்ன முதல் வார்த்தையே இதுதான். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து நாற்பது வீடு ஏறி இறங்கியாயிற்று. வயதைக் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு, நாயையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. எண்ணவே கூடாது என்றவர் யாருமில்லை.

ஏன் என்று கேட்டார். இந்த ஊர் பிறந்த கதை தெரியாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முன் அறையில் தையல்காரர் தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மகனும் சின்னவளும் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சின்னவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

பிழைக்க இடம் தேடி வந்த நூறு பேர் ஒரே படகில் ஆற்றைக் கடந்தார்களாம். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. கரையேறியதும் தலைவன் ஆட்களை எண்ணத் தொடங்கினான். அவன் மனைவி ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். சுற்றிப் பாருங்கள், எல்லோரும் இருக்கிறார்கள், எண்ணினால்தான் குறையும் என்றாள். அவனும் எண்ணவில்லை. நூறு பேரும் சேர்ந்தே கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். இரண்டாயிரம் வருஷத்து நகரம் அப்படித்தான் உண்டானதாம்.

"எண்ணாத வரைக்கும் இங்க யாரும் குறைய மாட்டாங்க சார்," என்றாள். "போன மழைக்கு இவளுக்கு விஷக் காய்ச்சல். டாக்டரே கைவிரிச்சிட்டார். பதினோரு நாள் இவ பக்கத்தை விட்டு நான் நகரல. இப்பவும் இவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

வாத்தியார் சின்னவளைப் பார்த்தார். வெளுத்துப்போன முகம், குச்சி மாதிரி கைகள்.

சரி, எண்ணவில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல நாலு பெயரையும் எழுதிக்கொண்டார். ஆனால் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் ஆபீசில் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவிர, கூட்டுத்தொகை போடாத பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக மார்க் குறைத்த கை அது, சும்மா இருக்குமா? அவள் பார்க்காதபடி படிவத்தைச் சாய்த்துப் பிடித்து, பெயர்களின் மேல் பேனாவை ஓட்டினார்.

மூன்று.

மறுபடி எண்ணினார். மூன்று பெயர்தான் இருந்தது. பதறிப்போய்ச் சின்னவளைத் தேடினார். அவள் பசை ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன்காரனும் பக்கத்திலேயே இருந்தான். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு என்று தான்தான் தப்பாக நினைத்திருக்க வேண்டும் என்று கட்டத்தில் மூன்று என்று எழுதிப் பேனாவை மூடினார்.

"புள்ளைங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்றார் தையல்காரரிடம். "அந்தக் கதையைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

தையல்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கதை சார்? இவங்க அம்மா தவறிப்போனதுலேருந்து இந்த வீட்டுல கதை சொல்ல ஆளே இல்லையே."