வெள்ளை முக்காடு

“சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. காரு ரெடி, பசங்களும் ரெடி. நாலு மணிக்கு காலேஜ் கேட்டுக்கு ஜிப்பாரா வருவா, நம்ம ஊரு வழக்கப்படி தூக்கிட்டு வந்துடுவோம். நீ அவ தலையில வெள்ளை முக்காட்டைப் போட்டுட்டா போதும், நம்ம வீட்டு மருமக!”

எர்னிஸ் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா சாய்ரா நிமிரவில்லை.

“அந்தப் பொண்ணைக் கேட்டியாடா?”

“கேட்டு, மாட்டேன்னு சொல்லிட்டா?”

அதற்குத்தான் அவனுக்குப் பயம். முன் பெஞ்சில் ஆடும் அவள் பின்னலைப் பார்த்தபடியே இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஒருதரம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கமாட்டாளா என்று ஏங்கி ஏங்கியே பரீட்சையிலும் கோட்டை விட்டிருந்தான்.

“ஒரு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடும்மா. உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப நீகூட ஒரே நாள்தான் அழுதியாம். அப்பாவே சொன்னாரு.”

அம்மா கையைக் கழுவினாள். பெட்டியின் அடியிலிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“வண்டியை எடு. நானும் வர்றேன்.”

எர்னிஸுக்குத் தலைகால் புரியவில்லை. “மாமியாரே நேர்ல வர்றாங்கடா! ஜிப்பாராவுக்கு யோகம்தான்!” என்று ஸ்டியரிங்கைத் தட்டினான் அவன் நண்பன் தாலாய்.

நரின் ஆற்றுப்பாலம் தாண்டியதும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். கல்லூரிக் கட்டடம் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மகன் படிக்கிற இடமாயிற்றே என்ற பெருமை, பாவம்.

நாலு மணி. ஜிப்பாரா தோழியோடு சிரித்துப் பேசியபடி கேட்டை நோக்கி வந்தாள். தாலாய் கதவில் கைவைத்தான். பின்சீட்டிலிருந்து எட்டி, கார் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள் அம்மா.

“அம்மா! என்ன பண்றே?”

“எவனாவது கீழ இறங்கினா கத்துவேன். அன்னைக்கும் கத்தினேன், யாரும் வரல.” மூட்டையை மகன் மடியில் போட்டாள். “இதை உங்கப்பாகிட்ட திருப்பிக் குடுத்துடு.”

முடிச்சை அவிழ்த்தான். மஞ்சள் பூத்த பழைய முக்காடு. அதன் மடிப்பிலிருந்து ஓர் அடையாள அட்டை விழுந்தது. இதே கல்லூரி, இரண்டாம் ஆண்டு. படத்தில் பத்தொன்பது வயதில் அம்மா!

“உங்கப்பா என்னைத் தூக்கினது இந்தக் கேட்டுலதான்டா. எங்கேருந்து எடுத்தாரோ, அங்கயே கொண்டாந்து விட்டுட்டே” என்றவள், ஜிப்பாராவைக் கடந்து உள்ளே போய், சேர்க்கை அலுவலக வாசலில் மாணவிகளோடு வரிசையில் நின்றாள்.