கிழட்டு விமானத்துக்கு மூன்று பூட்டு

"இதுக்குப் பூட்டா?" என்று கேட்டுவிட்டு மெக்கானிக் அந்த விமானத்தை மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒருமுறை பார்த்தான். "திருட வர்றவன் இதைப் பாத்தா பரிதாபப்பட்டு அவன் ஏதாவது வெச்சுட்டுப் போவான் சார்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நான்கு பேர் உட்காரலாம் என்று அந்த விமானத்தின் உள்ளே எழுதியிருக்கும். இரண்டு பேர் ஏறினாலே முனகும். அதைச் செய்தவர்கள் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். மனிதனாகப் பிறந்திருந்தால் அதற்கு இந்நேரம் பென்ஷன் வந்திருக்கும்.

பூட்டுப் போடச் சொல்லி வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டு கதவுக்கும் போடு தம்பி. இன்னிக்கே முடியணும்."

"இந்தத் திடல்ல ஒருத்தரும் விமானத்தைப் பூட்டுறதில்லை சார். பூட்டினா திருடன் கண்ணாடியை உடைப்பான். உள்ள இருக்கிற சாமானைவிடக் கண்ணாடி விலை ஜாஸ்தி. அதனால எல்லாரும் திறந்து போட்டுட்டு நிம்மதியா தூங்குறாங்க."

"சாமானை எடுக்கிறவனைப் பத்தி எனக்கென்ன கவலை? இவன் விமானத்தையே எடுத்துக்கிட்டுப் போறவன்."

மெக்கானிக்கின் கை நின்றது. பட்டறைக்கு அவன் புதிது. எந்த விமானம் யாருடையது என்பதே இன்னும் பிடிபடவில்லை, அதற்குள் இப்படி ஒரு கேஸா என்று நினைத்தான்.

"போலீஸுக்குப் போகலாமே சார்?"

"வீட்டு ஆளைப் பத்தி அங்க போய் என்னன்னு சொல்றது? கண் டாக்டர், இனிமே ஓட்டவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார். கேட்டானா? போன ஞாயித்துக்கிழமை இறங்கும்போது ஓடுபாதை ஓரத்து விளக்கை அடிச்சுச் சாய்ச்சுட்டு, 'அங்க எவன்டா விளக்கு வெச்சது'ன்னு கேக்கறான்."

"நியாயம்தானே சார். விளக்குதான் ஒதுங்கி நின்னிருக்கணும்."

கடைக்காரர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஓடிவிட்டது. "நாளைக்குக் காலையில எங்க வீட்டுக் குட்டியை ஏத்திக்கிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருக்கான். ஏழு வயசு. போட்டுக்கப்போற சட்டையை இப்பவே எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு. எனக்கு பயமா இருக்கு தம்பி."

அதற்கப்புறம் மெக்கானிக் வாயைத் திறக்காமல் கதவில் அளவெடுத்துத் துளை போட்டான். வாயை அடக்கி அவனுக்குப் பழக்கமில்லை. முதல் துளையைத் தேய்த்து முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

"வாயால சொன்னா கேக்க மாட்டாரா?"

"தினம் ராத்திரி சொல்றேன். சரி சரின்னு தலையாட்டுவான். காலையில வானம் தெளிவா இருந்துட்டா போதும், கால் தானா இங்க வந்து நிக்கும்."

"இன்ஜின் சாவியை ஒளிச்சு வெச்சுடலாமே?"

"இதுக்கு ஏது சாவி? சுவிட்சைத் தட்டிட்டு முன்னாடி விசிறியைக் கையால சுத்தினா கிளம்பிடும்."

"அந்தக் காலத்துல மனுஷங்களை நம்பியிருக்காங்க, பாவம். யாரு சார் அந்த மகானுபாவர், மாமனாரா?"

"மாமனார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு."

"அப்ப அண்ணனா?"

கடைக்காரர் பூட்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். தடவியே துணியின் தரம் சொல்லுகிற ஆள். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பதில் வராததால் அண்ணன்தான் என்று மெக்கானிக் முடிவு கட்டினான். அண்ணன்கள் எப்படி இருப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும். அவனுக்கும் ஒருவர் வாய்த்திருந்தார்.

"மேஜை டிராயர்ல போடுற பூட்டு மாதிரி இருக்கே?" என்றார் கடைக்காரர்.

"அதே ஜாதிதான் சார். விமானத்துக்குன்னு சொன்னதும் விலையில மட்டும் கொம்பு முளைச்சிடும்."

"பின்னாடி சாமான் வைக்கிற கதவுக்கும் ஒண்ணு போட்டுடு."

"அது வழியா பூனை நுழையலாம். மனுஷன் எப்படி சார்?"

"தவழ்ந்து போவான். ரெண்டு கதவும் பூட்டியிருந்தா அடுத்து அவன் புத்தி அங்கதான் போகும்."

"உங்க அண்ணன் மனசை அப்படியே படிச்சு வெச்சிருக்கீங்களே!"

"கூடவே கிடந்து அவஸ்தைப்படுறேனே."

வெளியே காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்த கடைக்காரரின் மனைவி, பொறுமை போய் ஹாரனை அழுத்தினாள். மெக்கானிக் மூன்றாவது பூட்டையும் முடுக்கி, மூன்று கதவையும் இழுத்து இழுத்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

"அவ்வளவுதான் சார். மூணுக்கும் ஒரே சாவி. உங்களுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு."

கடைக்காரர் இரண்டு சாவியையும் வாங்கி, ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு இரண்டையும் மெக்கானிக்கின் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடினார்.

"ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். வீட்டுல எங்க வெச்சாலும் தேடி எடுத்துடுவான். விடியும்போதே குழந்தையைக் கூட்டிக்கிட்டு இங்க வந்து நிப்பான். கெஞ்சுவான். காசு நீட்டுவான். 'என் விமானத்துக்கு நீ யாருடா காவல்'னு கத்துவான். அழுதாலும் அழுவான். மனசு இரங்கிக் கொடுத்துடாதே தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தலைகீழா நின்னாலும் கொடுக்க மாட்டேன் சார். ஆனா உங்க அண்ணனை நான் பாத்ததே இல்லையே, எப்படி அடையாளம் தெரியும்?"

கடைக்காரர் ஓரடி முன்னால் வந்து வெளிச்சத்தில் நின்றார்.

"என் மூஞ்சியை நல்லாப் பாத்து வெச்சுக்கோ," என்றார். "எனக்கு அண்ணனே கிடையாது."