ஆறாவது வரி

"சார், இன்னிக்கு நீங்க ஸ்கூலை விட்டு வெளிய காலை எடுத்து வைக்கக் கூடாது. சாப்பாடுகூட கேன்டீன்லயே முடிச்சிக்குங்க."

துணைத் தலைமையாசிரியர் சிவநேசன் கார் சாவியும் கோப்புமாக நின்றார். "இந்த ஃபைலை பந்திங் கல்வி இலாகாவுல கொடுக்கணுமே டீச்சர்? பன்னெண்டு மணிக்குள்ள கேட்டிருக்காங்க. நேத்து நீங்கதானே என்னைப் போகச் சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன். இன்னிக்கு வேணாங்கிறேன். காரணம் கேக்காதீங்க லா."

தலைமையாசிரியர் தனலெட்சுமி இப்படிப் பேசுகிறவர் இல்லை. ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு அவர் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் நாள் பள்ளி வாசலில் மாலையோடு எடுத்த படம் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் சிரிக்கிறார். அதற்குப் பிறகு சிரிக்க நேரம் எங்கே கிடைத்தது? இன்று கடிதம் அனுப்பிவிட்டு நேற்றே பதில் கேட்கும் இலாகா, பதினொரு வாட்ஸ்அப் குழு, ஒழுகும் கழிப்பறை, காலையும் மாலையும் ரத்தக் கொதிப்பு மாத்திரை.

போன மாதம் ஒரு பட்டறையில் வழி சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் மூன்றே நிமிடம். யோசிக்காமல், பேனாவை நிறுத்தாமல், அன்றைக்கு முக்கியமான ஐந்து வேலைகளை எழுத வேண்டும். மற்றதை மறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். நெஞ்சு நிஜமாகவே லேசானது. அவர் எழுதி முடித்ததும் அலுவலகக் கிராணி மாதவி வந்து அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வாள். வாங்க வேண்டியது, கூப்பிட வேண்டியது எல்லாம் அவள் பொறுப்பு.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் முதன்முறையாக ஆறாவது வரி வந்தது.

'இரண்டாம் ஆண்டு வகுப்பு. நடு விசிறி.' அவருடைய கையெழுத்துதான். எழுதிய ஞாபகம்தான் இல்லை. அசதியில் எழுதியிருப்போம் என்று விட்டுவிட்டார். பத்து மணிக்கு அந்த விசிறி கழன்று விழுந்தது. பிள்ளைகள் அப்போது திடலில் இருந்ததால் தப்பித்தார்கள்.

அடுத்து, 'தாமரைக்கு மூச்சு மருந்து'. இந்த முறை அவர் சும்மா இருக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், நான்காம் ஆண்டு தாமரை நூலகத்தின் பின்னால் மூச்சுவிட முடியாமல் சுருண்டு கிடந்தாள். மூன்றாவதாக, 'பின் கேட். பாம்பு'. அதுவும் இருந்தது.

இன்று காலை மாதவி படம் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், எழுதியதைத் திரும்பப் படித்தார்.

'திங்கட்கிழமை. சிவநேசன் சாருக்கு மாலை.'

பிறந்தநாளா? இல்லை. பணி ஓய்வா? அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. இதுவரை ஒருநாளாவது அந்த வரி நல்ல சேதி சொன்னதுண்டா? இன்று வெள்ளி. பந்திங் சாலை முழுக்கச் செம்பனை லோரிகள். சிவநேசனுக்கு ஏழு வயதில் ஒரு மகள். தனலெட்சுமி அந்த வரியைப் பேனாவால் அடித்து அடித்து மறைத்தார். மையின் அடியிலும் எழுத்து தெரிந்தது.

"டீச்சர், முகமெல்லாம் வேர்த்திருக்கு. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க எனக்குச் சத்தியம் பண்ணுங்க. ஸ்கூல் முடிஞ்சா நேரா வீடு. சனி, ஞாயிறு எங்கேயும் கிளம்பக் கூடாது. உங்க மகளுக்காகக் கேக்கிறேன்."

சிவநேசன் சிரிக்கப் பார்த்தார். தனலெட்சுமியின் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "சரி டீச்சர். அப்ப ஃபைல்?"

"இப்படிக் கொடுங்க. நான் கொண்டு போறேன்."

கேட்டைத் தாண்டும்போது காரின் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சிவநேசன் வாசலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் முதன்முறையாகத் தனலெட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் பிள்ளைகள் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அது முடிந்ததும் சிவநேசன் அலுவலகத்துக்கு வந்து, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார மனம் வராமல் நின்றார். அழுது வீங்கிய முகத்தோடு மாதவி இரண்டு மாலைகளைக் கொண்டு வந்தாள். ஒன்றைச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த தனலெட்சுமியின் படத்துக்குப் போட்டாள்.

"நான் போயிருக்க வேண்டிய ரோடும்மா அது," என்றார் சிவநேசன். "அந்த லோரி என் மேல மோதியிருக்கணும். என்னைப் பிடிச்சி வச்சிட்டு அவங்க போய்ட்டாங்க."

மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் உறையை நீட்டினாள். "இலாகாலேருந்து கடிதம் வந்திருச்சு சார். இன்னையிலேருந்து நீங்கதான் தலைமையாசிரியர்."

பிறகு தயங்கித் தயங்கி இரண்டாவது மாலையை எடுத்தாள்.

"இது எதுக்கும்மா? யாரு வாங்கச் சொன்னது?"

"புதுசா வர்ற தலைமையாசிரியருக்கு மாலை போடறது நம்ம ஸ்கூல் வழக்கம்தானே சார்? வெள்ளிக்கிழமை எதுக்குன்னே புரியாமதான் ஆர்டர் கொடுத்தேன்," என்று மாதவி கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். "அன்னிக்குக் காலைலயே டீச்சர் அவங்க கையால லிஸ்ட்ல எழுதி வச்சிட்டாங்க."