சத்தமே போடாத வண்டி

எஸ்.ஐ. பழமலை ஸ்டேஷன் வாசலில் குத்துக்காலிட்டு, ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். ஆக்ஸிலேட்டரைத் திருகச் சொன்னார். சக்கரம் சுற்றியது, சத்தம் மட்டும் வரவில்லை.

“பேட்டரி வண்டி சார்,” என்றான் கொளஞ்சிநாதன். “ரோட்டுல வந்தா நாய்கூட வெலகாது. இதுக்குப் போயி சத்தம்னு நோட்டீஸு!”

“பாலக்கரையில சத்தத்த அளக்க வச்சிருக்கிற மிஷினு சொல்லுதுய்யா. தெனம் காலையில இந்த வண்டி தாண்டும்போது லாரி ஹாரனு கணக்கா ஏறுது.”

வண்டியை ஓட்டுகிற ஆதிலட்சுமி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கணவனுக்குப் பின்னால் நின்றாள். “நீ சொல்லும்மா,” என்றார் எஸ்.ஐ. அவள் ஏதோ சொன்னாள், காற்றுதான் வந்தது.

“தொண்ட கட்டிக்கிச்சு சார், பீங்கான் கம்பெனி தூசு. இல்லன்னாலும் வாயத் தொறக்க மாட்டா. எங்கம்மா என்னா சொன்னாலும் ‘சரிங்கத்த’, நான் என்னா சொன்னாலும் ‘சரிங்க’. தங்கம் சார்!”

பிறகு அவள் பக்கம் திரும்பினான். “இந்த வண்டியே வாணாம், வித்துடறேன். நாளையிலேர்ந்து நானே கொண்டாந்து வுடறேன்.”

ஆதிலட்சுமி ஸ்கூட்டரைப் பார்த்தாள். வீடு நிறைய ஆட்கள். கம்பெனியில் தலைக்கு மேல் மேஸ்திரி. இரண்டுக்கும் நடுவில், அந்த ஹெல்மெட்டுக்குள் மட்டும்தான் அவள் தனியாக இருந்தாள்.

“சரிங்க,” என்று உதடு அசைந்தது.

“இருய்யா, மிஷினு சத்தத்தையும் புடிச்சி வச்சிருக்கும்.” எஸ்.ஐ. சன்னலுக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் காவலரைக் கூப்பிட்டார். “வெண்பா, போட்டுக் கேளு.”

வெண்பா ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். நிமிர்ந்து, வெளியே ஹெல்மெட்டுக்குள் தெரிந்த கண்களைப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டாள்.

“மிஷினு கோளாறு சார். வெறும் காத்து எரைச்சல்.”

“பாத்தீங்களா? என் வண்டியாவது, சத்தமாவது!” கொளஞ்சிநாதனுக்கு மார்பு விரிந்தது. “இத எதுக்கு விக்கணும்? நீயே ஓட்டு.”

எஸ்.ஐ. முணுமுணுத்துக்கொண்டே நோட்டீஸைக் கிழித்துப் போட்டார்.

அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்குள் வெண்பா வெளியே வந்தாள். ஆதிலட்சுமியின் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“பாலக்கரை வாணாங்க்கா. ரயில்வே கேட்டாண்ட, கூட்ஸு வண்டி போவும்போது கத்துங்க. நான் அங்கதான் கத்துவேன்.”