பஞ்சுபோல உப்பிய ரொட்டி

கணவருக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. பாதத்துப் புண்ணும் ஆறவில்லை. சோற்றை நிறுத்திவிட்டு, பாதாம் மாவில் அவளே ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். முதலில் செங்கல்லாக இருந்த ரொட்டி, இப்போது பஞ்சாக உப்பியது.

"உன் கைப்பக்குவமே தனி!" என்பார் கணவர். அவளுக்கு உச்சி குளிரும்.

ஒருநாள் பார்க்க வந்த, நர்ஸ் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா ஒரு துண்டைப் பிய்த்தாள். அது ஜவ்வாக இழுபட்டது.

"பாதாம் மாவுல பசையே கிடையாதுடி. உதிரும், இப்படி இழுபடாது. இதுல மைதா இருக்கு."

கணவர் தலைகுனிந்தார். "செங்கல்லைத் தின்ன முடியல. பாதாம் மாவு டப்பாவுல மைதாவைக் கலந்தது நான்தான்."

"அப்போ இத்தனை நாளா மைதாவையா பாராட்டினீங்க?" அவள் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து அவள் எந்த மாவிலும் ரொட்டி சுடவில்லை. முட்டையும் கீரையும் மட்டும் தட்டில் வைத்தாள், சர்க்கரை இறங்கியது.