சிங்கப்பூருக்குப் போகாத பெண்

"மிஸ், எனக்குப் பதிலா வேலாமணியே போகட்டுங்க மிஸ்."

தங்கமணி டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிர்ந்தாள். எதிரே பேச்சி நின்றிருந்தாள். பத்தாம் வகுப்புக்காரி. கீழ் கோத்தகிரியில் ஏதோ எஸ்டேட்டிலிருந்து வந்து, பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பவள்.

இரண்டாயிரத்து இரண்டில் குன்னூரின் அந்தப் பெண்கள் பள்ளி 'உலகக் குடிமகள்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மாதிரி ஐ.நா. சபை அமைத்து, ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்துப் பேச வைத்தார்கள். நார்வேயாக நின்ற பேச்சி மற்ற எல்லா நாடுகளையும் மடக்கிவிட்டாள். அவள் வகுப்பு வேலாமணி இரண்டாவதாக வந்தாள். சிங்கப்பூரில் நடக்கும் மாணவியர் மாநாட்டுக்குப் போக நேற்றுத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செலவு முழுக்கப் பள்ளியுடையது.

"ஏன் கண்ணு? உடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்லீங்க மிஸ்."

"பிளேனுக்குப் பயமா?"

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிளேன்ல போறதுன்னா யாராச்சும் வேண்டாம்பாங்களா மிஸ்?"

"அப்புறம் என்னதான்?"

பேச்சி வணங்கிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

தங்கமணிக்குக் குழப்பமாக இருந்தது. ஜூனில்தான் கோவையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவள். இந்த ஊர்ப் பிள்ளைகளை இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை.

மாலையில் நூலகப் பக்கம் போனபோது இன்னொரு வேடிக்கையைப் பார்த்தாள். பேச்சி மேஜைமேல் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்க, வேலாமணி திணறித் திணறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தோற்றவளுக்கு ஜெயித்தவளே பாடம் நடத்துகிறாள்!

வேலாமணியைத் தனியே கூப்பிட்டாள். "நெசத்தைச் சொல்லு. நீ ஏதாச்சும் கேட்டியா அவகிட்ட?"

"அய்யோ, சத்தியமா இல்லீங்க மிஸ்! அவளாத்தான் வந்தா. ஏன்டீன்னு நானும் கேட்டுப் பார்த்துட்டேன். 'நீ போயிட்டு வந்து அந்த ஊரு எப்படி இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லு, அது போதும்'ங்கறா."

அப்படியானால் வீட்டில்தான் தடை. தங்கமணிக்குக் கோபம் வந்தது. எத்தனை அப்பன்களைப் பார்த்திருக்கிறாள்!

சனிக்கிழமை பேச்சியையும் கூட்டிக்கொண்டு கீழ் கோத்தகிரிக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பேச்சி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எஸ்டேட் வரிசையில் கடைசி வீடு. பேச்சியின் அப்பா சுடலை ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். டீச்சரைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தங்கமணி சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங்க, பொம்பளைப் புள்ளைன்னு அனுப்பத் தயங்கறீங்களா?"

"யாரு, நானா? இவ பேசி ஜெயிச்சதை ஃபேக்டரியில ஒரு ஆளு விடாமச் சொல்லியாச்சுங்க டீச்சரம்மா."

"கல்யாணம், கில்யாணம்னு ஏதாச்சும்...?"

அடுப்படியிலிருந்து அம்மா மூக்கம்மா எட்டிப் பார்த்தாள். "பதினாலு வயசுப் புள்ளைக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. இவ காலேஜு முடிக்கணும்னுதானே ரெண்டு பேரும் ஓடிக்கிட்டு இருக்கோம்."

"நானும் கூடப் போறேனுங்க. ராத்திரி பகல் என் பக்கத்துலயேதான் இருப்பா. ஒரு குறையும் வராது."

"நீங்க பாத்துக்குவீங்க. அது தெரியாதாங்க?" என்றார் சுடலை.

தங்கமணிக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்குச் சம்மதம், உங்க சம்சாரத்துக்குச் சம்மதம், அவளுக்கும் ஆசை. அப்புறம் போறதுக்கு என்னதானுங்க தடை?"

சுடலை மகளைப் பார்த்தார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போறதுக்கு இல்லீங்க டீச்சரம்மா. திரும்பி வர்றதுக்குத்தான்."

"திரும்பி வர்ற டிக்கெட்டும் ஸ்கூல்லயே எடுத்துருவாங்களே!"

"டிக்கெட்டைச் சொல்லலீங்க." சுடலை எதிர் வரிசை வீட்டைக் கைகாட்டினார். "அது எங்க அண்ணன் வீடு. நாங்க ரெண்டு பேரும் சிலோன்ல ஒரே தோட்டத்துல பொறந்தவங்க. இந்தியாவும் சிலோனும் ஒப்பந்தம் போட்டு தோட்டத்து ஆளுகளைப் பிரிச்சப்ப, அண்ணன் பேரு மொதல்ல வந்துச்சு. இந்தியா பாஸ்போர்ட்டோட கப்பல்ல வந்துட்டாரு. என் பேரு வர்றதுக்குள்ள அங்க கலவரம். கப்பலும் நின்னு போச்சு. உசுரு பொழைச்சாப் போதும்னு நானும் மூக்கம்மாவும் ராத்திரியோட ராத்திரியா படகு ஏறி ராமேஸ்வரத்துல வந்து எறங்குனோம்."

மூக்கம்மா கொண்டுவந்த டீ டம்ளர் தங்கமணியின் கையிலேயே இருந்தது.

"சரிங்க, அது நீங்க. இவ இங்கதானே பொறந்தா?"

"கோத்தகிரி ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா. ஆனா குடியுரிமைக்கு அப்பன் ஆத்தா ரெண்டு பேருல ஒருத்தராச்சும் இந்த நாட்டு ஆளா இருக்கணுமாம். அங்க கேட்டா எங்களை இந்தியாக்காரங்கறாங்க. இங்க கேட்டா அகதிங்கறாங்க, எப்படியோ வெளிய போனாலும் மறுபடி உள்ள விடமாட்டாங்களாம்." சுடலை மகளின் தலைமேல் கையை வைத்தார். "உலகத்துக்கே குடிமகளாக்கறீங்கன்னு சொன்னா. ஆனா இவளுக்கு ஒரு பாஸ்போர்ட் குடுக்க எந்த நாடுமே இல்லீங்க டீச்சரம்மா!"